பட்டா மனு ஏன் வேறு அலுவலகத்துக்குப் போனது? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மற்றத் துறைகளும்

2025 பிப்ரவரி 11, இரவு 9.10 (மதுரை மாவட்ட வாசகர் ஒருவர் கேட்டது)

என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது, பேச்சும் வராது. அப்பா காலமான பிறகு எங்கள் இருவருக்கும் பாகம் பிரிந்த புஞ்சையில் அவன் பங்குக்கு உட்பிரிவு செய்து தனிப் பட்டா வேண்டுமென்று ஒரு குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தோம். மனுவின் மேல் அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலையும் வைத்திருந்தோம். மனு மாற்றுத்திறனாளிகள் நலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்திருக்கிறது. நிலத்துக்கும் அவன் காதுக்கும் என்ன சம்பந்தம்? 2016இல் வந்த சட்டம் எல்லாத் துறைக்கும் பொருந்துமா, அந்த ஒரு துறைக்கு மட்டுமா?

பிப்ரவரி 11, இரவு 10.40

சட்டம் எல்லாத் துறைகளையும் கட்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் கடமையைச் சுமத்தும் இடங்களில் மத்திய அரசு, மாநில அரசு, உள்ளாட்சி அமைப்பு, அரசு நிறுவனம் ஆகியவற்றைத்தான் அழைக்கிறது. நலத்துறை என்ற ஒரே துறையின் தலையில் அது எதையும் இறக்கி வைக்கவில்லை. அதற்கு முன்பிருந்த 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டும் ஏற்றது; இது 21 வகைகளை ஏற்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சபையின் உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்று உறுதி செய்தது; அந்த உறுதிமொழியை உள்நாட்டில் நிறைவேற்றுவதற்காகவே இந்தச் சட்டம் பிறந்தது. ஆகவே பட்டா வருவாய்த் துறையின் வேலை; உங்கள் தம்பிக்குப் பட்டா தரும்போது அவருக்குப் புரியும் வகையில் விசாரிப்பதும் வருவாய்த் துறையின் வேலையே.

மனு ஏன் அங்கே போனது என்பதைச் சொல்கிறேன். நான் வருவாய்த் துறையில் 1997 முதல் 2023 வரை பணியாற்றி ஓய்வு பெற்றவன். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பியதால் காலிப்பர் என்ற தாங்கியைக் காலில் மாட்டி நடக்கிறேன். தபால் பிரிவில் இருந்த ஆண்டுகளில், திங்கள்கிழமை குவியும் மனுக்களை மாலைக்குள் துறைவாரியாகப் பிரித்து, எண்ணிட்டு, பதிவேட்டில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒரு மனுவுக்கு அரை நிமிடம் கிடைத்தால் அதிகம். மனுவின் பொருள் கடைசிப் பத்தியில் இருக்கும். மேலே குத்தியிருக்கும் அடையாள அட்டை எடுத்தவுடன் கண்ணில் படும். அதைப் பார்த்ததுமே கை தானாக அந்த அடுக்குக்குப் போய்விடும். 'தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது' என்ற முத்திரை விழுந்துவிட்டால் நம் பதிவேட்டில் அந்த மனு முடிந்த கணக்கு.

நானும் அப்படிப் பிரித்திருக்கிறேன். என் காலைப் பார்த்து என்னைப் பிறர் ஓரமாக உட்காரச் சொன்னபோதெல்லாம் நெஞ்சு வலித்த எனக்கு, கையில் முத்திரையுடன் உட்கார்ந்திருந்தபோது அது உறைக்கவில்லை. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்கள் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்.

பிப்ரவரி 12, காலை 5.50

இரவு தூக்கம் பிடிக்கவில்லை, ஆகவே நடைமுறையை எழுதிவிடுகிறேன். உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதலுக்கு இ-சேவை மையத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்யுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம், இப்போதுள்ள கூட்டுப் பட்டா, தம்பியின் ஆதார் ஆகியவற்றை இணையுங்கள். விண்ணப்ப எண் கைக்கு வந்தால் அது நில அளவரின் பட்டியலில் ஏறும். வேறு எங்கும் போகாது. தம்பியின் அடையாள அட்டையை மேலே வைக்காதீர்கள், கடைசித் தாளாக வையுங்கள், அல்லது வைக்காமலே விடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளின் எந்த மனுவும் நலத்துறைக்குப் போகவே கூடாது என்பதுதான் என் கருத்து. அப்படி ஓர் அடுக்கு இருக்கும்வரை மற்றத் துறைகள் தம் கதவைத் திறக்கப் போவதில்லை.

பிப்ரவரி 14, மாலை 6.15

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, சட்டத்தை மீறினால் யாரிடம் முறையிடுவது என்று கேட்டிருக்கிறார். ஒவ்வொரு அரசு அலுவலகமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்று 23ஆம் பிரிவு சொல்கிறது. அவர் புகார்ப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பதிவான புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். எந்த அலுவலகத்தில் உங்களுக்குப் படியேற முடியவில்லையோ, அங்கேயே அவரைக் கேளுங்கள்.

கட்டடங்களைப் பொறுத்தவரை, சட்டம் நடைமுறைக்கு வந்த 2017 ஏப்ரலிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பழைய பொதுக் கட்டடங்கள் அனைத்தும் எல்லோரும் புழங்கத் தக்கவையாக மாற்றப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கெடு 2022 ஏப்ரலில் முடிந்தது.

பிப்ரவரி 16, காலை 11.00

மேலே எழுதியதில் இரண்டு பிழைகள் உள்ளன. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குரைஞராக இருக்கும் ஒரு வாசகர் சுட்டிக்காட்டினார். சட்டத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னதே சரி.

முதலாவது, 23ஆம் பிரிவின் குறைதீர் அலுவலர், 20ஆம் பிரிவு மீறப்பட்டதாகச் சொல்லும் புகார்களுக்கு உரியவர். 20ஆம் பிரிவு வேலைவாய்ப்பில் பாகுபாடு காட்டக் கூடாது என்பதைப் பற்றியது. அலுவலகத்தில் வேலை செய்பவருக்குத்தான் அவர் பயன்படுவார். மனுவோடு வாசலில் நிற்பவருக்கு உரிய வழி மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர். 80ஆம் பிரிவின்படி அவர் விசாரிக்கலாம்; விசாரித்துப் பரிந்துரை செய்தால், அதைப் பெற்ற அலுவலகம் எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும், ஏற்க மறுத்தால் காரணத்தையும் அதே மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும்.

இரண்டாவது, ஐந்தாண்டுக் கெடு சட்டம் வந்த நாளிலிருந்து தொடங்கவில்லை, விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து தொடங்கியது. விதிகள் 2017 ஜூன் 15 அன்று அறிவிக்கப்பட்டன. ஆகவே கெடு 2022 ஜூனில் முடிந்தது. இரண்டு மாத வித்தியாசத்தால் எந்தப் படிக்கட்டும் சாய்தளமாகிவிடவில்லை என்றாலும், மனுவில் தவறான தேதியை எழுதினால் மனுவே தவறென்று ஒதுக்க இடம் கொடுத்தவர்களாவோம்.

அதே வழக்குரைஞர் நினைவூட்டிய இன்னொரு செய்தி இதைவிடப் பெரியது. பொது இடங்களை மாற்றுத்திறனாளிகள் புழங்கத் தக்கவையாக்கக் கோரிய ரஜீவ் ரதுரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைத்தான் சொல்கிறேன். சட்டம் கட்டாயம் என்று சொல்வதை, அதன் கீழ் வந்த 15ஆம் விதி வெறும் வழிகாட்டுதல்களாகச் சுருக்கிவிட்டது. அப்படிச் சுருக்கியது சட்டத்துக்கு முரண் என்று நீதிமன்றம் சொல்லி, தவிர்க்கவே முடியாத அடிப்படைத் தேவைகளைத் தனியே பிரித்துக் கட்டாய விதிகளாக ஆக்க மத்திய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது. அலுவலகத்தில் இருந்தவனுக்கு இதன் கனம் தெரியும். 'கட்டாயம்' என்ற சொல் இருந்தால் மதிப்பீடு போடும் பொறியாளர் அதற்கு ஒரு வரி எழுதுவார். 'இயன்றவரை' என்ற சொல் இருந்தால் அந்த வரிதான் முதலில் அடிபடும்.

பிப்ரவரி 23, இரவு 8.30

ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளிக்குப் போயிருந்தேன். சக்கர நாற்காலியில் வரும் சிறுமியின் தந்தை கூப்பிட்டிருந்தார். பள்ளியில் சாய்தளம் இருக்கிறது, பக்கத்தில் நீல வண்ணப் படமும் வரைந்திருக்கிறார்கள், ஆனாலும் தினமும் இரு வேளையும் மகளைத் தூக்கித்தான் ஏற்றுகிறார்.

அளவு நாடாவை எடுத்து அளந்தேன். திண்ணை தரையிலிருந்து இரண்டடி உயரம்; சாய்தளத்தின் நீளம் எட்டடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது நாடு முழுவதற்குமான கணக்கு. இரண்டடிக்கு இருபத்து நான்கடி வந்திருக்க வேண்டும். எட்டடியில் கட்டினால் அதன்மேல் நெல் மூட்டை வண்டியைக்கூடத் தள்ளி ஏற்ற முடியாது, பிள்ளையை உட்கார வைத்து எப்படித் தள்ளுவது? மேலே ஏறிய பிறகும் வகுப்பறை வாசலில் நான்கு விரல் உயரத்தில் நிலைப்படி இருக்கிறது. கழிப்பறையோ மைதானத்தின் மறுகோடியில், மணலைக் கடந்து போக வேண்டிய இடத்தில் இருக்கிறது.

யார் கட்டினார்கள் என்று விசாரித்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. கட்டடம் ஓர் அமைப்பின் சொத்து. சாய்தளத்துக்கான தொகை இன்னோர் அமைப்பிலிருந்து வந்தது. கழிப்பறை மூன்றாவது ஒரு திட்டத்தில் முடிந்தது. மூவரும் தத்தம் கணக்கில் 'பணி முடிந்தது' என்று எழுதியிருக்கிறார்கள், மூவர் எழுதியதும் அவரவர் அளவில் உண்மைதான். வாசலிலிருந்து பலகை வரை, பலகையிலிருந்து கழிப்பறை வரை அந்தச் சிறுமியால் தானாகப் போய்வர முடிகிறதா என்ற கேள்விக்கு மூன்று படிவங்களிலும் கட்டம் இல்லை.

சட்டத்தின் 44ஆம் பிரிவு, அணுகல் விதிகளுக்குப் பொருந்தாத வரைபடத்துக்குக் கட்ட அனுமதி தரக் கூடாது, விதிப்படி கட்டாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவை எழுதியவர் அலுவலக நடைமுறை அறிந்தவர் என்று நினைக்கிறேன். கொள்கை விளக்கக் குறிப்பை எல்லோரும் மேலோட்டமாகப் படிப்பார்கள். நிறைவுச் சான்று இல்லாவிட்டால் ஒப்பந்ததாரருக்குப் பணம் வராது, அதனால் அதை எல்லோரும் தேடி வருவார்கள். உரிமையைக் கொண்டுபோய் அந்தத் தாளில் வைத்தால் அது காலாவதியாகாமல் இருக்கும். அந்தத் தாளில் கையெழுத்திடுபவர் நாடாவை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கி அளக்க வேண்டும் என்பதுதான் மீதி வேலை.

பிப்ரவரி 24, காலை 7.05

'வண்டியைக்கூட ஏற்ற முடியாது' என்று நேற்று எழுதியது கொஞ்சம் மிகை. வலுவான ஆள் மூச்சுப் பிடித்துத் தள்ளினால் ஏறும். அந்தத் தந்தையும் ஒருமுறை தள்ளிப் பார்த்தாராம். நாற்காலி பின்னால் சாய்ந்ததிலிருந்து பிள்ளை அந்தப் பக்கமே திரும்பிப் பார்ப்பதில்லை.

மார்ச் 2, மாலை 5.20

எல்லாத் துறைகளும் ஒன்றாகச் செய்துகாட்டியதே இல்லையா என்று ஒருவர் சலித்துக் கேட்டிருக்கிறார். செய்திருக்கிறார்கள். தேர்தலில் செய்திருக்கிறார்கள்.

வாக்குச்சாவடிகளைப் பார்வையிடும் பணி எனக்குப் பலமுறை வந்தது. கையில் ஒரு படிவம் இருக்கும்: சாய்தளம் உண்டா, குடிநீர் உண்டா, கழிப்பறை உண்டா, வெளிச்சம் உண்டா. 'இல்லை' என்று எழுதினால் அன்று மாலையே மேலிடத்திலிருந்து தொலைபேசி வரும், ஏன் இல்லை, எப்போது வரும் என்று. உள்ளாட்சி அலுவலர் சிமெண்டோடு வருவார், நேரம் இல்லாவிட்டால் தற்காலிகமாக மரப்பலகையாவது போடுவார். வாக்குச்சாவடிகள் மாற்றுத்திறனாளிகள் வந்துபோகத் தக்கவையாக இருக்க வேண்டும் என்பது 2016 சட்டத்தின் 11ஆம் பிரிவு. அதைத் தேர்தல் ஆணையம் தன் படிவமாக மாற்றிக்கொண்டது. 2024 மக்களவைத் தேர்தலில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடு உடையவர்கள் 12டி படிவம் கொடுத்து வீட்டிலிருந்தே வாக்களிக்கவும் முடிந்தது.

பள்ளிகள்தாம் பெரும்பாலும் வாக்குச்சாவடிகள். தேர்தலுக்காக நிரந்தரமாகக் கட்டிய சாய்தளம் மறுநாள் முதல் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது. ஒரு நாள் வாக்குக்காக வந்த வசதி, ஐந்து ஆண்டுப் படிப்புக்காக வரவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் வந்த வழியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஒரு கேள்வி, அதற்கு ஒரு கட்டம், அதை நிரப்ப ஒருவர், நிரப்பியதைப் படித்துத் திருப்பிக் கேட்க இன்னொருவர் என்று இருந்ததால்தான் வேலை நடந்தது. இந்த நால்வகையில் கடைசியானதுதான் மற்ற நாட்களில் காணாமல் போகிறது.

மார்ச் 9, இரவு 9.45

பேருந்தைப் பற்றிச் சுருக்கமாக. 2021 முதல் நகரச் சாதாரணப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. நல்ல திட்டம், நானும் பயன்படுத்துகிறேன். பழைய பேருந்தின் முதல் படி என் முழங்கால் உயரம் என்பதால் காலிப்பர் காலை இரு கைகளாலும் தூக்கி வைத்துத்தான் ஏறுகிறேன். ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியில் சென்னை, கோவை, மதுரை ஆகிய நகரங்களுக்குத் தாழ்தளப் பேருந்துகள் வாங்கப்படுவது பெரிய முன்னேற்றம். அந்தப் பேருந்தும் நிறுத்தத்தை ஒட்டி நின்றால்தான் பயன் தரும். நடைமேடை உள்ளாட்சியுடையது, சாலை இன்னொருவருடையது, பேருந்து போக்குவரத்துக் கழகத்துடையது, நிறுத்தத்தில் ஆட்டோ நிற்காமல் பார்ப்பது காவலருடைய வேலை. நான்கும் ஒரே கையளவு இடத்தில் சந்திக்கின்றன, அந்த இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

மார்ச் 20, இரவு 10.10

பிப்ரவரி 12 அன்று நலத்துறைக்கு எந்த மனுவும் போகக் கூடாது என்று எழுதினேன். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியதே காரணம். அவருடைய மகனுக்கு மூளை முடக்குவாதம், வயது பத்தொன்பது. பள்ளி, மருத்துவமனை, வங்கி என்று பதினைந்து ஆண்டுகள் அலைந்ததில், உட்காருங்கள் அம்மா என்று சொன்ன ஒரே அலுவலகம் அந்த நல அலுவலகம்தான் என்கிறார். சக்கர நாற்காலியும் பராமரிப்பு உதவித்தொகையும் அங்கிருந்துதான் வந்தன. அந்த அடுக்கை எடுத்துவிட்டால் என் மகனின் தாளை யார் தொடுவார்கள் என்று கேட்கிறார். என்னிடம் மறுமொழி இல்லை. ஆணவத்தோடு எழுதிவிட்டேன் என்று தோன்றியது.

யோசித்துப் பார்த்தால், அங்கே இருப்பவர்கள் சிலரே. அவர்கள் நில அளவையும் சாலையும் பேருந்துப் படியும் மின் இணைப்பும் தம் மேசைக்கு வருவதைப் பார்த்துவிட்டு, மறுபடி அதே துறைகளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள்: 'தங்கள் அலுவலகம் தொடர்பானது என்பதால் திருப்பி அனுப்பப்படுகிறது.' வாசகருடைய தம்பியின் மனுவும் அந்த வழியில் திரும்பி வந்துகொண்டிருக்கும். அவர்களுடைய நேரத்தை நாம் அஞ்சல்காரர் வேலையில் செலவிடுகிறோம். அவர்கள் செய்ய வேண்டியது மற்றத் துறைகளுக்குக் கற்றுக் கொடுப்பதும், செய்தார்களா என்று கேட்பதும்.

வருவாய்த் துறை இதில் ஒரு விஷயத்தைச் சரியாகச் செய்திருக்கிறது. மற்றவர்களுக்குத் தரும் அதே வகை உதவியைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. 2025 மார்ச் நிலவரப்படி தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். வருவாய்த் துறை வழியாக மாற்றுத்திறனாளிகளுக்குச் செல்வது 1,500 ரூபாய். கணக்குப் பார்த்தால் சரியாகக் கால் பங்கு கூடுதல். நலத்துறை வழியாகத் தீவிரக் குறைபாடு உடையவர்களுக்குத் தரும் பராமரிப்பு உதவித்தொகை 2,000 ரூபாய். எது தமக்கு உரியது என்று தெரியாமல் இரண்டு வாசல்களிலும் வரிசையில் நிற்பவர்களை நான் பல ஆண்டுகள் பார்த்தேன். அவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு பலகை போதும்.

இன்னொன்றையும் மாற்றிக்கொள்கிறேன். அடையாள அட்டையைக் கடைசித் தாளாக வையுங்கள் என்று அன்று யோசனை சொன்னேன். மனு தவறான அடுக்குக்குப் போகக் கூடாதே என்ற பயத்தில் சொன்னது. ஆனால் அதன் பொருள் என்ன? தம்பி, உன்னை மறைத்துக்கொண்டு போ என்று ஒரு மாற்றுத்திறனாளியே இன்னொரு மாற்றுத்திறனாளிக்குச் சொன்னதாக ஆகிறது. 'ஊனமுற்றோர்' என்ற பெயரை மாற்றி, மு. கருணாநிதி முதல்வராக இருந்தபோது 'மாற்றுத்திறனாளிகள்' என்று அரசுத் தாள்களில் வந்த நாளில் நான் மகிழ்ந்தவன். அந்தப் பெயரைத் தாளின் அடியில் ஒளிக்கச் சொல்லியிருக்கக் கூடாது. அட்டையை மேலேயே வையுங்கள். மனுவின் முதல் வரியில் 'பொருள்: பட்டா உட்பிரிவு' என்று பெரிதாக எழுதுங்கள். இரண்டாவது வரியில், 'மனுதாரர் காது கேளாதவர்; நேரில் விசாரிக்கும்போது சைகையறிந்த ஒருவர் உடனிருக்க அனுமதித்து, மனுதாரரிடமே கேள்வி கேட்கக் கோருகிறேன்' என்று எழுதுங்கள்.

ஏப்ரல் 17, காலை 6.30

நேற்று சட்டமன்றத்தில் நகர்ப்புற உள்ளாட்சிகளிலும் ஊராட்சிகளிலும் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிப்பதற்கான மசோதாக்களை முதல்வர் கொண்டுவந்தார். தெருவிளக்கு எங்கே, வாய்க்கால் மூடி எப்படி, சமுதாயக் கூடத்தின் வாசல் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் பேசப்படும் மன்றத்தில் நம்மில் ஒருவர் உட்காரப் போகிறார். அந்த மன்றம் முதல் மாடியில் இல்லாமல் இருக்க வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள், அலுவலர்கள், காவலர்கள், நீதிபதிகள் ஆகிய அனைவரின் பயிற்சியிலும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பாடமாக இருக்க வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. நியமிக்கப்படும் உறுப்பினருக்கும் அந்தப் பயிற்சி வேண்டும், அவருக்குப் பக்கத்தில் உட்காருபவருக்கும் வேண்டும்.

மே 13, இரவு 9.00

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினார். கூட்டத்துக்குள் நான் போவதில்லை; வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போது இந்த இழையின் நினைவே வந்தது.

சித்திரைத் திருவிழாவுக்கான முன்னேற்பாட்டுக் கூட்டங்களில் குறிப்பெடுக்கும் பணியை நான் சில ஆண்டுகள் செய்தேன். நீளமான மேசை, ஆட்சியர் நடுவில். வைகை அணையிலிருந்து எந்த நாளில் தண்ணீர் திறந்தால் எப்போது ஆற்றுக்குள் வந்து சேரும் என்று நீர்வளத் துறை சொல்லும். தேர் வரும் மாசி வீதிகளில் எந்த நேரத்துக்கு மின்சாரத்தை நிறுத்துவது என்று மின்வாரியம் சொல்லும். மாநகராட்சிக்குக் குடிநீரும் குப்பையும் கழிப்பறையும், காவல் துறைக்குத் தடுப்புக் கட்டையும் வழியும், சுகாதாரத் துறைக்கு ஆம்புலன்ஸ், தீயணைப்புக்கு வண்டி, அறநிலையத் துறைக்குக் கோயிலும் மண்டகப்படியும். ஒவ்வொரு துறைக்கும் என் குறிப்பில் தனி வரிசை இருக்கும். அதற்கு எதிரே செய்ய வேண்டியது, செய்பவர், முடிக்க வேண்டிய நாள் என்று மூன்று பத்திகள். அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பைப் படிப்பதில்தான் தொடங்கும். முடிக்காதவர் எழுந்து நின்று சொல்ல வேண்டும். 'அது எங்கள் துறை சார்ந்தது அன்று' என்ற சொல்லை அந்த மேசையில் நான் கேட்டதே இல்லை, ஏனென்றால் அழகர் எல்லாத் துறைக்கும் உரியவர்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாவட்ட அளவிலான குழுவுக்கு 72ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. அதே மேசை, அதே நாற்காலிகள், அதே துறைகள். அந்தக் குழு இந்தத் திருவிழாக் கூட்டத்தைப் போல நடக்க வேண்டும் என்பதுதான் இத்தனை மாதங்களாக நான் சொல்ல வந்தது. இந்த உவமை நேற்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. நெடுஞ்சாலைத் துறைக்கு எதிரே எத்தனை நிறுத்தங்களில் நடைமேடை சரி செய்யப்பட்டது, பள்ளிக் கல்விக்கு எதிரே எத்தனை பள்ளிகளில் வாசலிலிருந்து கழிப்பறை வரை அளந்து பார்க்கப்பட்டது, வருவாய்க்கு எதிரே எத்தனை கூட்டங்களில் சைகையறிந்தவர் இருந்தார் என்று எழுதி, அடுத்த கூட்டத்தில் படிக்க வேண்டும். இது மதுரைக்குத் தெரியாத வேலை இல்லை. ஆண்டுதோறும் இந்த ஊர் பல லட்சம் பேரை ஆற்றுக்குள் இறக்கிப் பத்திரமாகக் கரையேற்றுகிறது.

மே 15, மாலை 4.40

இதற்கெல்லாம் நிதி எங்கே என்று ஒரு பணியிலிருக்கும் அலுவலர் எழுதியிருக்கிறார். அவருடைய கேள்வி நியாயமானது. இருபத்து நான்கடி சாய்தளத்துக்குப் பணம் வேண்டும், தாழ்தளப் பேருந்துக்கு மிகப் பெரிய பணம் வேண்டும். ஆனால் எல்லாவற்றுக்கும் வேண்டியதில்லை.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகை விசாரணை முதல் மாடியில் நடந்தது. கீழ்த்தளத்தில் பழைய பதிவேடுகளின் அறை. வருபவர்கள் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு படியாக ஏறுவார்கள். ஏற முடியாதவர்களுக்காக நான் தாளோடு கீழே இறங்குவேன், எனக்கும் இருபத்திரண்டு படிகள். இடம் மாற்றக் கேட்டு நான் குறிப்பு எழுதினேன். அறை ஒதுக்கீடு, கட்டடப் பராமரிப்பு, பதிவேடுகளின் பாதுகாப்பு என்று அந்தக் கோப்பு ஓராண்டுக்கு மேல் சுற்றியது. புதிதாக வந்த வட்டாட்சியர் ஒருவர் முதல் வாரத்திலேயே ஒரு மூதாட்டி படியில் ஊர்ந்து வருவதைப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் எல்லோரையும் வரச் சொல்லி, தாமும் ஒரு முனையைப் பிடித்து, பதிவேட்டு அலமாரிகளை மேலே ஏற்றி, எங்கள் மேசைகளைக் கீழே இறக்கினார். செலவு மதிய உணவுக்கும் தேநீருக்கும் மட்டும்தான், அதையும் அவரே கொடுத்தார். கோப்பு அதன்பின் இரண்டு மாதம் கழித்து அனுமதியோடு வந்து சேர்ந்தது.

ஜூன் 22, இரவு 8.50

முதலில் கேட்ட வாசகர் அழைத்ததால் வியாழக்கிழமை அவர் ஊருக்குப் போயிருந்தேன். இ-சேவையில் பதிந்த விண்ணப்பம் நில அளவரிடம் வந்து, அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களுக்கும் அறிவிப்பு கொடுத்து, அளக்க நாள் குறித்திருந்தார்கள். சைகை மொழிபெயர்ப்பாளரை அலுவலகம் அனுப்பவில்லை. ஆனால் மனுவின் இரண்டாவது வரியைப் படித்துவிட்டு நில அளவர் முதல் நாளே தொலைபேசியில், தம்பியோடு பேச யார் வருவார்கள் என்று கேட்டாராம். வாசகரின் மகள், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண், சித்தப்பாவின் கைப்பேச்சு முழுவதும் அறிந்தவள். அவள் அரை நாள் விடுப்பில் நின்றாள்.

தொடக்கத்தில் நில அளவர் பழக்கத்தில் அண்ணனையே கேட்டார். அவரும் பழக்கத்தில் பதில் சொல்லத் தொடங்கினார். தம்பியைக் கேளுங்கள் என்று நான் சொன்னதும் இருவரும் நிறுத்திக்கொண்டார்கள். நில அளவர் வரைபடத்தைத் தரையில் விரித்து, குந்தி உட்கார்ந்து, மேற்கு எல்லையைக் காட்டிக் கையை விரித்தார். தம்பி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், எழுந்து, வரப்பில் நிற்கும் பனையைத் தாண்டி நான்கு எட்டு நடந்து, குதிகாலால் மண்ணைத் தட்டினார். அண்ணன் அங்கே ஒன்றும் இல்லை என்றார். அப்பா காலத்தில் நடுகல் ஒன்று இருந்தது, உழவில் சாய்ந்து புதைந்துவிட்டது, நான்தான் அப்பாவோடு நின்று பார்த்தேன் என்று சித்தப்பா சொல்வதாக அந்தப் பெண் சொன்னாள். மண்வெட்டியால் ஒரு முழம் தோண்டியதும் கல் தட்டுப்பட்டது.

அளந்து முடித்ததும் படிவத்தை நீட்டி, மனுதாரருக்கு மை தடவட்டுமா என்று உதவியாளர் கேட்டார். தம்பி பேனாவை வாங்கி, அண்ணன் பிடித்திருந்த பலகையின் மேல் தாளை வைத்து, தம் பெயரைத் தந்தையின் முதலெழுத்தோடு எழுதினார். உட்பிரிவு எண்ணுடன் உத்தரவு வந்ததும் வாசகரே இங்கே பதிவதாகச் சொல்லியிருக்கிறார்.